ஷெவ்ரூஸ் பள்ளத்தாக்கில் மலைச் சைக்கிள்: சான் ரெமியிலிருந்து ரம்பூயே வரை ஒரு நாள்

முதல் தடவை போனது ஒரு நவம்பரில். சான் ரெமி நிலையத்தில் இறங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. மேட்டுநிலத்தில் வயலை ஒட்டிப் போகும் பாதையில் பின்சக்கரம் சுற்ற மறுத்தது. இறங்கிப் பார்த்தால், டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இருந்த இடைவெளி முழுக்க மஞ்சள் களிமண். ஓக் இலையும் வைக்கோலும் கலந்து, செங்கலுக்குப் பிசைந்து வைத்த மண் மாதிரி இறுகிக் கிடந்தது. குச்சியால் குத்தி எடுத்தேன். பத்து மீட்டர் போனதும் மறுபடி அடைத்துக்கொண்டது. மூன்றாவது தடவை பொறுமை போய் பெடலை ஓங்கி மிதித்தேன். டக்கென்று ஒரு சத்தம். கியர் மாற்றும் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் ஒடிந்து, டெரெய்லர் ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் மாட்டிக்கொண்டது.

வண்டியை உருட்டிக்கொண்டு வந்த வழியே இறங்கினேன். அப்போதுதான் கவனித்தேன்: சரிவுக்கு வந்ததும் காலுக்குக் கீழே சேறே இல்லை. வெளிர்நிற மணல், ஈரம் மட்டும்தான். அதே மழைதான் இங்கேயும் பெய்திருந்தது. இந்த ஊரில் சைக்கிள் ஓட்டுவதற்குக் கால் பலத்தைவிட மண்ணைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. கீழே சொல்லியிருப்பதெல்லாம் அதற்குப் பிறகு பல தடவை போய் வந்து தெரிந்துகொண்டவை.

இடம் எது

ஷெவ்ரூஸ் பள்ளத்தாக்கு பாரிசுக்குத் தென்மேற்கே இருக்கிறது. இவெத் என்ற சின்ன ஆறு அறுத்த பள்ளம் இது. ஆற்றின் மொத்த நீளமே சுமார் 39 கி.மீ.தான், ஓர்ஜ் ஆற்றில் சேர்ந்து, அதன் வழியாக சேன் நதிக்குப் போகிறது. பள்ளத்தாக்கின் மேற்பகுதி 1985 முதல் பிராந்திய இயற்கைப் பூங்கா. மேற்கே போகப் போக ரம்பூயே காடு தொடங்கிவிடும். பிரெஞ்சு மன்னர்கள் வேட்டையாடிய காடு அது.

நான் சொல்லும் வழி, சான் ரெமி ரயில் நிலையத்தில் தொடங்கி ரம்பூயே ரயில் நிலையத்தில் முடிகிறது. சுற்றுவதைப் பொறுத்து 35 முதல் 40 கி.மீ. வரும். ஆல்ப்ஸ் மலையை நினைத்துப் பயப்பட வேண்டாம். பள்ளத்தின் அடிக்கும் மேட்டுநிலத்துக்கும் உயர வித்தியாசம் நூறு மீட்டருக்குள்தான். ஆனால் அந்த ஏற்றத்தை ஒரே நாளில் நாலைந்து தடவை ஏற வேண்டியிருக்கும். கால் வலிப்பது அதனால்தான்.

முதலில் மண்

பள்ளத்தாக்கை மேலிருந்து கீழே மூன்று அடுக்காக நினைத்துக்கொள்ளுங்கள்.

மேலே மேட்டுநிலம். வண்டல் மண்ணும் அதற்கடியில் களிமண்ணும். களிமண்ணுக்குள் மெயூலியேர் என்ற கல் கிடக்கும்: துவாரம் துவாரமாக, துருப்பிடித்த நிறத்தில். ஒரு காலத்தில் திரிகைக்கல் செய்ய எடுத்த கல் என்பதால்தான் அந்தப் பெயர். பாரிஸ் புறநகரின் பழைய வீடுகளில் பார்க்கும் அந்தச் சொரசொரப்பான சுவர்க்கல் இதுதான். விளிம்பு கூர்மையானது, டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும். மழைக்காலத்தில் இந்த அடுக்குதான் எதிரி. தொடர்ந்து நாலைந்து நாள் வெயில் அடித்திருந்தால் ஒழிய வயலோரப் பாதையில் நான் இறங்குவதில்லை.

நடுவே சரிவு. ஃபோந்தேன்புளோ மணல் என்று இங்கே சொல்லும் மெல்லிய மணல். மழை விழுந்தால் உறிஞ்சிவிடும். அங்கங்கே மணற்கல் பாறைகள் காட்டுக்குள் யானைக்கூட்டம் மாதிரி படுத்திருக்கும். இந்தக் கல்லை வெட்டித்தான் பாரிஸ் தெருக்களுக்குத் தளம் போட்டார்கள். ஈரமாக இருக்கும்போது சரிவு இறுகி நன்றாக ஓடும். ஆகஸ்டில் காய்ந்தால் கடற்கரை மணல் மாதிரி முன்சக்கரம் புதையும். மழைக்கு மறுநாள் எங்கே ஓட்டலாம் என்று யாராவது கேட்டால் என் பதில் சரிவில், மரங்களுக்கு நடுவே என்பதுதான்.

கீழே பள்ளத்தின் அடி. மணலில் இறங்கும் தண்ணீர், அடியிலிருக்கும் இறுகிய களியைத் தாண்ட முடியாமல் ஊற்றாக வெளியே வருகிறது. அதனால் ஆற்றோரப் புல்வெளி கோடையிலும் சொதசொதவென்றுதான் இருக்கும். அங்கே சரளை போட்ட பாதை, மரப்பாலம் இருக்கும் இடத்தில் மட்டும் போங்கள்.

வரைபடத்தில் இதை எப்படிப் பார்ப்பது? பிரெஞ்சு நில அளவை நிறுவனத்தின் 1:25,000 வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் நெருங்கியிருக்கும் பட்டைதான் சரிவு, அதாவது மணல். கோடுகள் விலகி, வெள்ளையாக வயல் தெரிந்தால் களிமண். நீலக்கோட்டை ஒட்டிய பட்டை சதுப்பு. இதே வரைபடத்தை பிரெஞ்சு அரசின் வரைபட இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கிளம்புவதற்கு முந்தைய இரவு அரை மணி நேரம் இதைப் பார்த்துவிட்டால், மறுநாள் பாதி வேலை முடிந்த மாதிரி.

எப்போது போவது

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை, பிறகு செப்டம்பர். ஜூனில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டிவிடும், காட்டுக்குள் அதற்கு முன்பே. குளிர்காலத்தில் போவதானால் மதியம் 3 மணிக்குக் காட்டைவிட்டு வெளியே வந்துவிடுவது என் வழக்கம்.

செப்டம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை வேட்டைக்காலம். காட்டுப்பன்றியும் மானும் சுடுவார்கள், அதுவும் கூட்டமாக விரட்டி. பாதை தொடங்கும் இடத்தில் "ஷாஸ் ஆன் கூர்" என்று பலகை வைத்திருந்தால் வேட்டை நடக்கிறது என்று அர்த்தம். சத்தம் கேட்கவில்லையே, சீக்கிரம் தாண்டிவிடலாம் என்று உள்ளே போகாதீர்கள். வேறு பாதையைப் பிடியுங்கள். அந்த மாதங்களில் கறுப்பு ஜாக்கெட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆரஞ்சோ மஞ்சளோ போட்டுக்கொள்ளுங்கள். அரசுக் காடுகளில் எந்தெந்த நாள் வேட்டை என்பதை வனத்துறை முன்கூட்டியே அறிவிக்கிறது.

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை இன்னொன்று. ஆண் மான்கள் துணைக்காகக் குரல் கொடுக்கும் காலம் அது. அந்தி நேரத்தில் ரம்பூயே காட்டில் கேட்டால் மாடு உறுமுவதா, யாரோ அழுவதா என்று குழப்பமாக இருக்கும். வண்டியை நிறுத்திக் கேளுங்கள். பக்கத்தில் போகாதீர்கள்.

வண்டி

பிரெஞ்சில் மலைச் சைக்கிளை "வே தே தே" என்பார்கள். கடையில் வாடகைக்குக் கேட்கும்போதும் அப்படியே கேளுங்கள். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள 29 அங்குலச் சக்கர வண்டி இந்த வழிக்குத் தாராளம். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ளது இங்கே வீண் பாரம். சரளைப் பாதைக்கான கிராவல் சைக்கிள் கோடையில் போதும், மழைக்காலத்தில் மெல்லிய டயர் களிமண்ணில் மாட்டும்.

டயர் அகலம் 2.2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. காற்று விஷயத்தில்தான் புதிதாக வருபவர்கள் தப்புச் செய்கிறார்கள். கல்லு மாதிரி அடித்துக்கொண்டு வந்தால் வேர்மேல் சக்கரம் துள்ளி வழுக்கும். 75 கிலோ ஆள், ட்யூப் உள்ள டயர் என்றால் 2 பார், அதாவது 29 பிஎஸ்ஐ போதும். ட்யூப்லெஸ் என்றால் முன்னால் 1.5, பின்னால் 1.7 பார். கட்டைவிரலால் அழுத்தினால் டயர் லேசாக அமுங்க வேண்டும்.

நம் ஊரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. இங்கே இடது கை பிரேக்தான் முன்சக்கரத்துக்கு. வலது கை பின்சக்கரத்துக்கு. நம் ஊரில் இதற்கு நேர்மாறு. இறக்கத்தில் பழக்க தோஷத்தில் இடதுகையை இறுக்கினால் ஹேண்டிலுக்கு மேலே பறந்துதான் விழுவீர்கள். வண்டியை வாங்கியதும் தட்டையான தெருவில் பத்து நிமிடம் இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பிடித்துக் கையைப் பழக்குங்கள்.

பையில்: ஒரு ட்யூப், பம்பு, டயர் கழற்றும் நெம்பு, பஞ்சர் ஒட்டு, செயின் இணைப்புத் துண்டு, பலகருவி. கூடவே உங்கள் வண்டிக்கான டெரெய்லர் ஹேங்கர் ஒன்று. வண்டிக்கு வண்டி அதன் வடிவம் மாறும், அதனால் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால்தான் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்குகிற அலுமினியத் துண்டு. நவம்பரில் அது என்னிடம் இருந்திருந்தால் இருபது நிமிடத்தில் வண்டி ஓடியிருக்கும்.

ஹெல்மெட் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் சட்டப்படி கட்டாயம். காட்டுக்குள் எல்லாரும் போட வேண்டும் என்பது என் கட்சி. மணி கட்டாயம். இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே தார்ச்சாலையில் போவதானால் ஒளிரும் மேலங்கியும் கட்டாயம்.

ரயில்

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்திலேயே கார் து நோர் நிலையத்தில் ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயில் ஏறினால், மாறாமல் கடைசி நிலையமான சான் ரெமி லே ஷெவ்ரூசில் இறங்கலாம். அந்தப் பாதை தெற்கே போய்க் கிளை பிரிகிறது. ரொபென்சோன் என்று எழுதியிருந்தால் அது வேறு கிளை. மாசி பலேசோவோடு நின்றுவிடும் வண்டிகளும் உண்டு. பலகையில் சான் ரெமி என்று இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள்.

திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 9.30 வரையும், மாலை 4.30 முதல் 7.30 வரையும் சைக்கிள் ஏற்றக் கூடாது. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் எந்த நேரமும் ஏற்றலாம். சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வேண்டியதில்லை. கோடையில் பராமரிப்பு வேலைக்காகப் பாதையின் ஒரு பகுதியை மூடுவதும் உண்டு, முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி

சான் ரெமியிலிருந்து ஷெவ்ரூஸ் ஊர் மூன்று கிலோமீட்டர் போல. உடம்பு சூடாக அது போதும். ஊருக்குள் இவெத் ஆற்றின் கிளைக்கால்வாய் ஓடுகிறது. அதன் கரையில் பழைய தோல் பதனிடும் கொட்டில்களும் துணி துவைக்கும் துறைகளும் இருக்கின்றன. வீட்டுக்கொரு குட்டிப் பாலம். அந்தப் பாதை நடக்கிறவர்களுக்கானது, வண்டியை உருட்டிக்கொண்டு போங்கள். காலையில் அங்கே வாத்துகளைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

ஊருக்கு நேர்மேலே மதலேன் கோட்டை. பூங்கா அலுவலகம் அதற்குள்தான் இருக்கிறது. அன்றைய முதல் ஏற்றமும் இதுதான். ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதியில் மூச்சிரைக்கும்போது மாற்றினால் செயின் திணறும். சீட்டின் நுனிக்கு வந்து உட்கார்ந்து மார்பைத் தாழ்த்தினால் முன்சக்கரம் தூக்காது. நாடக ஆசிரியர் ராசீன் 1661-இல் இந்தக் கோட்டையின் கட்டட வேலைகளைப் பார்த்துக்கொள்ள இங்கே வந்திருந்தார். இந்த வேலை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இங்கிருந்து போர் ரொயால் மடத்துக்குப் போகும் பாதைக்கு இன்று அவர் பெயர்தான்.

கோட்டைக்கு மேலே இரண்டு வழி. வெயில்காலமானால் மேட்டுநிலத்து வயல்களின் ஓரமாக டாம்பியர் கிராமம் வரை போகலாம். கோதுமை கதிர்விட்டிருக்கும்போது அழகு. ஈரமானால் சரிவிலேயே காட்டுக்குள் போகும் பாதை. செஸ்ட்நட் மரங்கள், ஓக், மணல் அதிகமான இடத்தில் பைன்.

இந்தச் சரிவில்தான் ஓட்டும் முறை வேலைக்கு வருகிறது. இறக்கத்தில் சீட்டில் உட்காராதீர்கள். இரண்டு பெடலும் தரைக்கு இணையாக இருக்க எழுந்து நின்று, முழங்காலை மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். ஈர வேர் குறுக்கே வந்தால் அதை நேர்க்குத்தாகத் தாண்ட வேண்டும். சாய்வாகப் போனாலோ அதன்மேல் பிரேக் பிடித்தாலோ சக்கரம் சோப்புமேல் வைத்த மாதிரி போய்விடும். மணல் குவிந்த இடத்தில் உடம்புப் பாரத்தைப் பின்னால் போட்டு, ஹேண்டிலைத் திருப்பாமல், சீராக மிதித்துக்கொண்டே இருங்கள். மிதிப்பது நின்றால் வண்டியும் நிற்கும். பாதை நடுவே சேறு கிடந்தால் நடுவிலேயே போங்கள். ஓரமாக ஒதுங்கி ஒதுங்கித்தான் ஒற்றையடிப் பாதை மாட்டுவண்டிப் பாதை ஆகிறது.

டாம்பியரில் பெரிய மாளிகை. வெர்சாய் அரண்மனையை விரிவாக்கிய ஆர்துவேன் மான்சார் கட்டியது. வெளியே நின்று பார்த்துவிட்டு நகரலாம், ஏனென்றால் நல்ல பகுதி இனிமேல்தான். இந்தப் பக்கத்துத் தார்ச்சாலைகளில் ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிள்காரர்களின் தொல்லை அதிகம். ஊருக்குள் வலப்பக்கத் தெருவிலிருந்து வரும் வண்டிக்கு முன்னுரிமை என்ற விதி பல இடங்களில் இன்னும் இருக்கிறது, வெறும் சந்தாக இருந்தாலும்.

செனலீஸ் கிராமத்தைத் தாண்டினால் செர்னே பள்ளத்தாக்கு. இவெத்தில் வந்து விழும் ஓர் ஓடை பாறைகளுக்கு நடுவே குதித்து இறங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஓவியர்கள் கூடாரம் போடாத குறையாக இங்கேயே கிடந்தார்கள். ஓடையை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் ஞாயிறு மதியம் குழந்தைகளும் நாய்களும் பாட்டிகளும்தான் நிறைந்திருப்பார்கள். அங்கே சைக்கிள் ஓட்ட ஆசைப்படாதீர்கள். இறங்கி உருட்டுங்கள், அல்லது மேலே இணையாகப் போகும் அகலமான காட்டுப்பாதையைப் பிடியுங்கள். கொஞ்சம் தள்ளி 1118-இல் நிறுவிய சிஸ்டர்சியன் மடம். இப்போது அது ஹோட்டல்.

அதற்கு மேற்கே ஓஃபார்ஜி, பிறகு ரம்பூயே காடு. நேர்நேரான அகலப் பாதைகள், ஏற்ற இறக்கம் குறைவு. கால் களைத்த நேரத்தில் இது கிடைக்கட்டும் என்றுதான் சான் ரெமியில் தொடங்கச் சொன்னேன். ஆனால் வேட்டைக்காக வகுத்த காடு என்பதால் ஆறு, எட்டுப் பாதைகள் ஒரே புள்ளியில் சேரும் நட்சத்திரச் சந்திகள் இருக்கின்றன. எல்லாப் பாதையும் ஒரே மாதிரி தெரியும். சந்தியில் நில்லுங்கள், கம்பத்திலுள்ள பாதைப் பெயரைப் படித்து வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஓட்டிக்கொண்டே முடிவெடுத்து நான் ஒரே சந்திக்கு இரண்டு தடவை வந்து சேர்ந்திருக்கிறேன்.

குறிகளும் விதிகளும்

மலைச் சைக்கிள் வழிக்கான குறி ஒரு முக்கோணமும் இரண்டு வட்டங்களும். முக்கோணத்தின் கூர்முனை காட்டும் பக்கம் போக வேண்டும். பச்சை மிக எளிது. நீலம், சிவப்பு, கறுப்பு என்று போகப் போகக் கடினம். மரத்தில் வெள்ளை-சிவப்புக் கோடு பார்த்தால் அது நெடுந்தூர நடைப்பாதை. மஞ்சள் கோடு உள்ளூர் நடைப்பாதை. இவை சைக்கிளுக்காகப் போட்டவை அல்ல. அவற்றில் படிக்கட்டும் வரலாம். நடப்பவருக்கும் குதிரைக்கும் எப்போதும் நாம்தான் வழிவிட வேண்டும். குதிரைக்குப் பின்னாலிருந்து மணி அடிக்காதீர்கள். குரல் கொடுங்கள், "பொன்ழூர்" என்றால் குதிரையும் மனிதரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

தண்ணீர், சாப்பாடு, பூச்சி

கிராமத்துக் கடைகள் மதியம் மூடிவிடும். ஞாயிறு மதியத்துக்கு மேலும் திங்களும் ரொட்டிகூடக் கிடைக்காமல் போகலாம். ஷெவ்ரூசிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். தீர்ந்தால் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், பூச்செடிக்கு ஊற்றுவதற்காக அங்கே குழாய் இருக்கும். "ஓ நோன் போத்தாப்ல்" என்று எழுதியிருந்தால் அது குடிநீர் இல்லை. ஓடைத் தண்ணீரை எப்போதும் குடிக்காதீர்கள்.

உண்ணி இங்கே சிரிக்கிற விஷயம் இல்லை, லைம் நோயைப் பரப்பும். பெரணியும் புல்லும் உரசும் பாதையில் போனால், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புப் பட்டை ஆகிய இடங்களைப் பாருங்கள். மருந்துக்கடையில் உண்ணி பிடுங்கும் பிளாஸ்டிக் கொக்கி கிடைக்கும், சில யூரோதான். எண்ணெய் தடவுவது, நெருப்பு வைப்பது வேண்டாம். கடித்த இடத்தைச் சுற்றிப் பின்வரும் வாரங்களில் சிவப்பு வளையம் படர்ந்தால் மருத்துவரிடம் போங்கள். கோடைத் தொடக்கத்தில் ஓக் மரத்தில் கம்பளிப்பூச்சிக் கூடு தெரிந்தால் அதனடியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். காற்றில் வரும் அதன் முடியே போதும், இரண்டு நாள் சொறிய வைக்கும்.

விழுந்து அடிபட்டால் 112. காட்டுக்குள் இடத்தைச் சொல்வது கஷ்டம் என்பதால் கடைசியாகப் பார்த்த சந்தியின் பெயரை நினைவில் வைத்திருங்கள்.

பாதியில் முடியாவிட்டால்

நம் வழிக்கு வடமேற்கே, மேட்டுநிலத்தில் 'என்' (N) என்ற புறநகர் ரயில் பாதை போகிறது. லெ பெரே, லே எசார், கோஞேர் எல்லாம் அதன் நிலையங்கள். செர்னேயைத் தாண்டிய பிறகு வண்டி மக்கர் செய்தாலோ கால் மறுத்தாலோ வடமேற்கு நோக்கி உருட்டினால் ஏதாவது ஒரு நிலையம் வந்துவிடும். செர்னேக்கு முன்பென்றால் திரும்பி சான் ரெமிக்கு இறங்குவதே மேல்.

ரம்பூயேயில்

முடியும் இடத்தில் இன்னொரு கோட்டை. பிரெஞ்சு மன்னர் முதலாம் ஃபிரான்சுவா 1547-இல் இறந்தது இதில்தான். பின்னாளில் ஜனாதிபதிகளின் ஓய்வு இல்லமாக இருந்தது. 1975 நவம்பரில் ஆறு பணக்கார நாடுகளின் தலைவர்கள் முதல் தடவையாகக் கூடியதும் இங்கேதான். தோட்டத்தில் ஏரிக்கரை இருக்கிறது, ஆனால் அதற்குள் முழங்கால்வரை சேறோடு போக எனக்குக் கூச்சம்.

இங்கிருந்து 'என்' ரயில் நேரே பாரிசின் மோன்பர்னாஸ் நிலையத்துக்குப் போகும். வார நாளானால் மாலை 4.30 முதல் 7.30 வரையிலான தடை இங்கேயும் உண்டு. மோன்பர்னாசில் இறங்கி லாச்சப்பலுக்கு மெட்ரோ என்று நினைக்காதீர்கள், சைக்கிளோடு விடமாட்டார்கள். ஊருக்குள்ளேயே இன்னும் ஆறேழு கிலோமீட்டர் மிதிக்க வேண்டும்.

ரயில் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே நிலையத்துக்கு வந்து, வெளியே புல்லோரமாக நின்று, டயரிலும் ஃபிரேமிலும் ஒட்டியதைக் குச்சியால் சுரண்டிவிடுங்கள். அப்போது குச்சியில் என்ன வருகிறது என்று பாருங்கள். உதிரும் வெளிர் மணல் மட்டும் வந்தால் அன்றைக்குப் பாதையைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். மஞ்சள் உருண்டையாக வந்தால், அடுத்த தடவை வெயில் இன்னும் இரண்டு நாள் அடிக்கட்டும் என்று காத்திருந்து கிளம்புங்கள்.